குடியை வென்ற கூலித் தொழிலாளி

மாட் டால்பட்டின் வாழ்க்கை வரலாறு

சனிக்கிழமை மாலை. கூலி பட்டுவாடா ஆகும் நேரம்.

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சாலையில், மேலூரைத் தாண்டி வடக்கே போனால் கொட்டாம்பட்டி வரும். அங்கேயானாலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்த ஊரானாலும் சரி, கொத்தனாரும் கையாட்களும் வாரக் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு புறப்படும் வேளை அது. ஒரு பாதை வீட்டுக்குப் போகிறது. இன்னொரு பாதை மதுக்கடைக்குப் போகிறது. வீட்டு வாசலில் ஒரு தாயோ மனைவியோ காத்திருக்கிறாள். மகன் எந்தப் பாதையில் வருவான், கணவன் எந்தப் பாதையில் வருவான் என்பது அவளுக்குத் தெரியாது.

1884-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்திலும் இப்படி ஒரு தாய் காத்திருந்தாள். அவளுடைய மகனுக்கு 28 வயது. கொத்தனாருக்குச் செங்கல்லும் கலவையும் சுமந்து கொடுக்கும் வேலை. பதினாறு ஆண்டுகளாக அவனை விடாமல் பிடித்திருந்தது குடி.

அன்று அவன் நேராக வீட்டுக்கு வந்தான். தள்ளாடாமல் வந்தான். அந்த நாளுக்குப் பிறகு, சாகும் வரையில், 41 ஆண்டுகள் அவன் ஒரு சொட்டு மதுவையும் தொடவில்லை.

அவன் பெயர் மாட் டால்பட். அவன் படித்தவனல்ல. மேடை ஏறிப் பேசியவனுமல்ல. கடைசி வரை கூலி வேலை செய்த தொழிலாளி. ஆனால் இன்று பல நாடுகளில், குடியிலிருந்து மீளப் போராடும் கத்தோலிக்கர்கள் அவரைத் தங்கள் துணைவராக நினைத்து வேண்டிக்கொள்கிறார்கள். அது எப்படி நேர்ந்தது?

ஏழைக் குடும்பம்

மாட் டால்பட் 1856-ஆம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி டப்ளினில் பிறந்தான். தகப்பனார் பெயர் சார்லஸ். தாயார் எலிசபெத். அவர்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். மாட் இரண்டாவது பிள்ளை.

தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. நிரந்தர வேலைதான். ஆனால் குடும்பம் என்றும் வறுமையிலேயே இருந்தது. காரணம், அவரும் குடிப்பவர். வாடகை கொடுக்க முடியாமலும் வேறு காரணங்களாலும் குடும்பம் அடிக்கடி வீடு மாறியது. பிள்ளைகளின் வயிற்றை நிரப்புவதற்காகத் தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தாள்.

அந்தக் காலத்து டப்ளினை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. ஓர் அறையில் ஒரு குடும்பம். வெளிச்சம் இல்லை. காற்று இல்லை. வேலை முடிந்து வந்தவன் உட்கார இடம் இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு மதுக்கடை உண்டு. அங்கே விளக்கு உண்டு, கணப்பு உண்டு, பேச்சுத் துணை உண்டு. துறைமுகத் தொழிலாளர் பலருக்குக் கூலியே மதுக்கடையில் வைத்துத்தான் கொடுக்கப்பட்டது.

மாட் பிறந்த அதே 1856-இல், டிசம்பர் 8-ந் தேதி, அயர்லாந்தில் தியோபால்ட் மாத்யூ என்ற பாதிரியார் காலமானார். 1838-இல் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கிய பெருமகன் அவர். லட்சக்கணக்கான மக்கள் அவர் முன்னால் வந்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடிய பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறி அன்னிய நாடுகளுக்குப் போனார்கள். அந்தப் பேரழிவில் மதுவிலக்கு இயக்கமும் தளர்ந்துபோயிற்று. மாட் வளர்ந்த காலத்தில் மீண்டும் மதுக்கடைகளில் கூட்டம்.

புட்டியின் அடியில் இருந்தது

மாட் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனதில்லை. கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளியில் சிறிது காலம் படித்தான். அடிக்கடி மட்டம் போடுகிறவன் என்று ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலேயே குறித்து வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு மேல் அவனுக்குப் படிப்பு ஏறவில்லை.

பன்னிரண்டு வயதில் வேலைக்கு அனுப்பினார்கள். எங்கே தெரியுமா? ஒரு மது வியாபாரியின் கிடங்குக்கு! பீரைப் புட்டிகளில் அடைத்து விற்கும் இடம் அது. திரும்பி வந்த புட்டிகளின் அடியில் மிச்சம் மீதி இருக்கும். பையன்கள் அதைக் குடித்துப் பார்ப்பார்கள். மாட்டும் குடித்துப் பார்த்தான். முதலில் விளையாட்டு. பிறகு வழக்கம்.

ஓராண்டுக்குள் பையன் போதையில் வீட்டுக்கு வந்தான். தகப்பனார் பதறினார். தாம் குடித்தாலும் மகன் குடிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அடித்தார். அந்த வேலையிலிருந்து நிறுத்தி, தாம் வேலை செய்த துறைமுகத்திலேயே தம் கண் பார்வையில் சேர்த்துவிட்டார். ஆனால் அங்கே இருந்தவை விஸ்கிக் கிடங்குகள். பீர் குடித்த பையன் விஸ்கி குடிக்கக் கற்றுக்கொண்டான்!

தகப்பனாருக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று பிறகு அந்த வேலையையும் மாட் விட்டுவிட்டான். கட்டட வேலைக்குப் போனான். செங்கல்லும் சாந்தும் தோளில் சுமந்து ஏணியில் ஏறும் வேலை. பலசாலி. சுறுசுறுப்பானவன். வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று மேஸ்திரிகள் மெச்சினார்கள். எவ்வளவு குடித்தாலும் மறுநாள் காலையில் வேலைக்கு நிற்பான். அதனால் தான் குடிக்கு அடிமையாகிவிட்டதை அவனே நீண்ட நாள் உணரவில்லை.

திருடிய பிடில்

வாரக் கூலி அப்படியே மதுக்கடைக்குப் போகும். சனிக்கிழமை கொடுத்த காசு செவ்வாய்க்கிழமை தீர்ந்துவிடும். பிறகு கடன். கடனும் கிடைக்காவிட்டால் அடகு. சட்டையை அடகு வைத்தான். காலில் இருந்த பூட்சைக் கழற்றி அடகு வைத்துவிட்டு வெறுங்காலுடன் வீட்டுக்கு நடந்தான். தாயாரின் கைக்கு ஏதாவது வந்தால், அது மிச்சமான சில்லறைதான்.

சகோதரர்களிலும் மூத்தவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் குடித்தார்கள். ஒரே வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் குடித்தால் அந்தத் தாயின் நிலை எப்படி இருந்திருக்கும்? அவள் செய்யக்கூடியது ஒன்றுதான். ஜெபித்தாள். மீண்டும் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் நடந்த சம்பவம் மாட்டின் நெஞ்சை ஆயுள் முழுவதும் குத்திக்கொண்டிருந்தது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஓர் ஏழை, இவர்களோடு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார். கையில் காசில்லை. தாகமோ அடங்கவில்லை. மாட்டும் அவன் கூட்டாளிகளும் அந்த மனிதரின் பிடிலைத் திருடி விற்றார்கள். விற்ற காசுக்குக் குடித்தார்கள். அந்த ஏழைக்கு இருந்த ஒரே பிழைப்பு அந்தப் பிடில்.

இத்தனைக்கும் மாட் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டதில்லை. கோயிலுக்குப் போவான். பின்வரிசையில் நிற்பான். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நம்பிக்கை முழுவதும் அணைந்துவிடவில்லை. சாம்பலுக்கடியில் நெருப்புப் போல் இருந்தது.

தெருமுனையில் ஒரு மாலை

1884. ஒரு சனிக்கிழமை.

அந்த வாரம் முழுவதும் மாட் வேலைக்குப் போகவில்லை. ஆகவே கூலி இல்லை. தாகத்தால் தொண்டை வறண்டது. தம்பிகளுடன் மதுக்கடைக்கு அருகே தெருமுனையில் போய் நின்றான். கூலி வாங்கிய கூட்டாளிகள் அந்த வழியாகத்தான் வருவார்கள். கையில் காசு இருந்தபோதெல்லாம் அவர்களுக்கு எத்தனையோ முறை வாங்கிக் கொடுத்தவன் அவன். இன்று யாராவது ஒருவன் உள்ளே கூப்பிட மாட்டானா?

வந்தார்கள். ஒருவன் தலையசைத்தான். ஒருவன் நலம் விசாரித்தான். எல்லாரும் உள்ளே போனார்கள். ஒருவன்கூட அவனைக் கூப்பிடவில்லை.

மாட் திகைத்து நின்றான். குடிக்கக் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைவிட, தான் யாருக்கும் வேண்டாதவன் என்ற எண்ணம் சுட்டது. கூட்டாளிகள் என்று நினைத்தவர்கள் தன் காசுக்குத்தான் கூட்டாளிகள். தன் வாழ்க்கை எங்கே வந்து நிற்கிறது என்பதை அந்தச் சில நிமிஷங்களில் அவன் கண்டுகொண்டான். வீட்டை நோக்கித் திரும்பினான்.

தாயார் உணவு தயாரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையில் இந்த நேரத்தில், குடிக்காமல் வந்த மகனைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். சாப்பிட்ட பிறகு மாட் தாயாரிடம் வந்தான். குடிப்பதில்லை என்று சத்தியம் செய்யப் போவதாகச் சொன்னான். அவள் உடனே மகிழ்ந்துவிடவில்லை. காப்பாற்றும் எண்ணம் இருந்தால் போ, இல்லாவிட்டால் சத்தியம் செய்யாதே என்று எச்சரித்தாள். மகன் உறுதியாக இருப்பதைக் கண்டபின், கடவுள் பலம் தரட்டும் என்று வாழ்த்தி அனுப்பினாள்.

மாட் முகம் கழுவிக்கொண்டு, குருமாணவர் படிக்கும் கிளான்லிப் கல்லூரிக்கு நடந்தான். அங்கே ஒரு பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். பிறகு சத்தியம் செய்தான். எத்தனை காலத்துக்கு? ஆயுளுக்கு அல்ல. மூன்றே மாதத்துக்கு!

மறுநாள் விடியுமுன் ஐந்து மணிப் பூசைக்குப் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு நற்கருணை வாங்கினான்.

அந்த மூன்று மாதம்

சத்தியம் செய்வது ஒரு நிமிஷ வேலை. காப்பாற்றுவது எப்படி?

மாட்டுக்கு டாக்டர் இல்லை. மருந்து இல்லை. பதினாறு ஆண்டு மதுவில் ஊறிய உடம்பு நடுங்கியது. மனம் அலைந்தது. அந்த நாட்களை அவர் பிற்காலத்தில் மறக்கவே இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் மீண்டும் குடிக்கத்தான் போகிறேன் என்று ஒருமுறை தாயாரிடமே அலுத்துச் சொல்லியிருக்கிறார்.

காலையில் பிரச்சினை இல்லை. பூசை, பிறகு வேலை. வேலை முடியும் மாலைதான் ஆபத்து. கால்கள் தாமாகவே பழைய பாதைக்குத் திரும்பும். ஆகவே பாதையையே அவர் மாற்றினார். வேலை முடிந்ததும் கூட்டாளிகளைவிட்டுப் பிரிந்து தொலைவில் உள்ள கோயில்களுக்கு நடந்து போனார். மதுக்கடை மூடும் வரையில் அங்கே முழந்தாளிட்டிருந்தார். நடந்த களைப்பில் வீட்டுக்கு வந்து படுத்தார்.

ஒருநாள் மாலை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தேவிட்டார். பையில் காசும் இருந்தது. ஆனால் கடைக்காரன் வேறு ஆட்களுடன் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தான். புதிதாக வந்தவரைக் கவனிக்கவில்லை. மாட் சிறிது நேரம் நின்றார். பிறகு சட்டென்று வெளியேறி அருகில் இருந்த கோயிலுக்குள் புகுந்தார். இரவு கோயில் கதவு மூடும் வரை அங்கேயே இருந்தார்.

அன்று ஒரு முடிவு செய்தார். இனிப் பையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதில்லை! காசிருந்தால்தானே கடைக்குள் நுழையத் துணிவு வரும்? அந்த வழக்கத்தை அவர் நெடுங்காலம் கைக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. மீண்டும் போய் ஆறு மாதத்துக்குச் சத்தியம் செய்தார். அதுவும் முடிந்தது. பிறகுதான் ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்தார்.

அவருடைய வெற்றியின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. தம் பலத்தை அவர் நம்பவில்லை. தாம் பலவீனர் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொண்டார். காசில்லாத பை. மாற்றிய பாதை. மாலை வேளைக்குப் போக ஓர் இடம். காலையில் எழுந்து போக ஒரு கடமை. கடவுள் காப்பாற்றுவார் என்று வாயால் சொல்லிவிட்டு மதுக்கடை வாசலில் அவர் நிற்கவில்லை. மதுக்கடை அழைக்கும் அந்த நேரத்தில் கடவுளின் வாசலில் போய் நின்றார்.

கடன் தீர்த்தார்

குடி நின்றது. குடியால் வந்த பாவம் நிற்கிறதே! யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்த்தார். எந்தெந்த மதுக்கடையில் பாக்கி இருந்ததோ அங்கெல்லாம் பணத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தித் தீர்த்தார்.

பிடில்காரரைத் தேடினார். தெருத் தெருவாக அலைந்தார். ஆண்டுக்கணக்கில் தேடினார். ஏழைகள் தங்கும் இடங்களில் விசாரித்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பிடிலின் விலையைக் கோயிலில் கொடுத்து, அந்த மனிதருடைய ஆன்மாவுக்காகப் பூசை வைத்தார்.

புகையிலையையும் விட்டார். அவர் பெரிய புகைக்காரர். குடியை விட்டது போலவே இதுவும் அவருக்குக் கடினமாக இருந்தது. ஆனால் விட்ட பிறகு திரும்பத் தொடவில்லை.

பிறகு படிப்பு! பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன், முப்பது வயதில் புத்தகத்தைக் கையில் எடுத்தார். வேதாகமத்தையும், புனிதர் அகுஸ்தீனார், அவிலா தெரேசம்மாள், பிரான்சிஸ் சலேசியார் போன்றோர் எழுதிய நூல்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். புரியாத இடங்களைத் துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு பாதிரியார்களிடம் கேட்டார். கிளான்லிப் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் ஹிக்கி அவருக்கு ஞான ஆலோசகராக இருந்தார். கற்றறிந்த பேராசிரியரும் கூலித் தொழிலாளியும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 1890-இல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் மாட் சேர்ந்தார். இல்லறத்தாரும் தொழிலாளரும் உலகில் இருந்தபடியே தவ ஒழுக்கம் மேற்கொள்ளும் சபை அது.

இடையில் ஒரு சம்பவம். அவர் வேலை செய்த ஓரிடத்தில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண், அவருடைய நல்லொழுக்கத்தைக் கண்டு தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டாள். மாட் உடனே பதில் சொல்லவில்லை. ஒன்பது நாள் ஜெபித்தார். பிறகு, தாம் மணம் செய்துகொள்ளப் போவதில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

பலகையில் படுக்கை

மர வியாபாரம் செய்த டி அண்டு சி மார்ட்டின் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. கடைசி வரை அங்கேயே உழைத்தார்.

அவருடைய நாள் எப்படித் தொடங்கும்? இரவு இரண்டு மணிக்கு எழுவார். முழந்தாளிட்டு ஜெபிப்பார். விடியுமுன் பூசை. பிறகு மரக்கிடங்கு. மாலையில் கோயில். இரவில் புத்தகம். படுக்கை ஒரு மரப்பலகை. தலையணை ஒரு மரக்கட்டை. உணவு பெரும்பாலும் காய்ந்த ரொட்டியும் பாலில்லாத கோகோவும்.

சம்பாதித்த கூலி எங்கே போயிற்று? தாயாரைத் தம்முடன் வைத்துக் காப்பாற்றினார். 1915-இல் அவள் கண்ணை மூடும் வரை அந்தக் குறை வைக்கவில்லை. எத்தனையோ சனிக்கிழமைகளில் மகனுக்காகக் காத்திருந்த அந்தத் தாய், தன் கடைசிக் காலத்தை மகனுடைய நிழலில் கழித்தாள். அவள் போன பிறகு தமக்கென்று மிகச் சிறு தொகையை வைத்துக்கொண்டு, மீதியைப் பசித்த குடும்பங்களுக்கும், அனாதைகளுக்கும், சீனா தேசத்தில் வேலை செய்யும் மிஷனரிகளுக்கும் கொடுத்தார்.

இவ்வளவு கடுந்தவம் செய்தவர் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். கூட வேலை செய்தவர்களிடம் சிரித்துப் பேசுவார். பிறர் குடித்தால் பழிக்க மாட்டார். குடி எப்படிப்பட்ட பிடி என்று அவருக்குத் தெரியும். யாராவது விட விரும்பி வந்தால் உதவுவார். தம்பிகளையும் திருத்த முயன்றார். அதில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. தம்மை மாற்றிய வழி தம் வீட்டிலேயே எல்லாரையும் மாற்றிவிடவில்லை என்ற வேதனையையும் அவர் சுமந்தார்.

கதவடைப்பு

1913-இல் டப்ளின் நகரமே கொந்தளித்தது. ஜேம்ஸ் லார்க்கின் தலைமையில் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். சுமார் இருபதாயிரம் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலையின்றித் தவித்தார்கள்.

மாட் சங்கத்தில் உறுப்பினர். தோழர்களுடன் அவரும் வெளியே நின்றார். உழைக்காத நாளுக்குப் பணம் வாங்குவதா என்று, சங்கம் கொடுத்த உதவித் தொகையை முதலில் மறுத்தார். பிறகு வாங்கினார். வாங்கி, பிள்ளைகுட்டிக்காரர்களான தோழர்களுக்குக் கொடுத்தார். கல்யாணம் ஆகாத தமக்குக் கிடைக்கும் கூலி போதும், ஆனால் குடும்பஸ்தனுக்கு அது போதாது என்பது அவர் கருத்து. பக்திமான் என்றால் முதலாளிக்குத் தலையாட்டுபவர் என்று எண்ணியவர்களுக்கு அவர் நடத்தை வியப்பாக இருந்தது.

சந்தில் விழுந்தார்

முதுமை வந்தது. 1923-இல் இருதயமும் சிறுநீரகமும் பழுதடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேலைக்குப் போக முடியவில்லை. பிறரிடம் கொடுத்தே பழகிய கை இப்போது ஒடுங்கிக் கிடந்தது. 1925-இல் கொஞ்சம் தேறியதும் மீண்டும் மரக்கிடங்குக்குப் போனார்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. ஒரு பூசை கண்டுவிட்டு, மற்றொரு பூசைக்காக வேறொரு கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கிரான்பி சந்து என்ற குறுகலான தெருவில் திடீரென்று விழுந்தார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு பாதிரியார் வந்து முழந்தாளிட்டு ஜெபித்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 69.

அவர் யார் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அனாதைப் பிணமாகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே ஓர் அதிசயம் காத்திருந்தது. உடைகளைக் களைந்தபோது அவருடைய இடுப்பைச் சுற்றி ஒரு சங்கிலி! கையிலும் காலிலும் சிறு சங்கிலிகள்! அவற்றில் புனிதர்களின் பதக்கங்கள் கோத்திருந்தன. மரியன்னையின் அடிமையாகத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்கள் அணியும் அடையாளம் அது. வாழ்ந்த காலத்தில் அதைப் பற்றி அவர் ஊரறியப் பேசியதே இல்லை. ஒரு காலத்தில் குடிக்கு அடிமை. அந்தத் தளையை அறுத்தவர், தாமே விரும்பி வேறொரு தளையைப் பூண்டிருந்தார்.

மறுநாள் சகோதரி வந்து அடையாளம் காட்டினாள். ஏழைகளோடு ஏழையாகக் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

உலகம் அறிந்தது

அடுத்த ஆண்டே, 1926-இல், சர் ஜோசப் கிளின் என்பவர் அவருடைய வரலாற்றைச் சிறு நூலாக எழுதினார். கூலித் தொழிலாளியின் கதை கைக்குக் கை பரவியது. பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. 1931-இல் டப்ளின் மேற்றிராணியார் அவரைப் புனிதராக்குவதற்கான விசாரணையைத் தொடங்கினார். 1972-இல் அவருடைய உடல் எச்சங்கள் டப்ளினில் அவர் வாழ்ந்த பகுதியில் உள்ள லூர்து மாதா கோயிலுக்கு மாற்றப்பட்டன. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி போப் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். 1978-இல் டப்ளின் ஆற்றின் மேல் திறக்கப்பட்ட ஒரு பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

மாட் மறைந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். 1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒருவருக்கொருவர் துணையாக நின்று குடியின்றி வாழ்ந்தார்கள். அவர்கள் தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கிறிஸ்தவப் பக்தி இயக்கம் ஒன்றிலிருந்து கிளைத்தாலும் இந்த அமைப்பு எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. தன் பலவீனத்தை ஒப்புக்கொள்வது, தன்னைவிடப் பெரிய சக்தியை நாடுவது, தீங்கு செய்தவர்களுக்குப் பரிகாரம் செய்வது, இன்றைய ஒரு நாளை மட்டும் குடியின்றிக் கழிப்பது என்பவை அதன் வழிகள். அமெரிக்காவில் அவர்கள் கண்ட வழியும், அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் டப்ளின் கூலியாள் தனியாகத் தட்டுத் தடுமாறிக் கண்ட வழியும் எவ்வளவு ஒத்திருக்கின்றன!

நமக்கு என்ன பாடம்?

தமிழ்நாடு மதுவிலக்கை நன்கறிந்த நாடு. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கினார். 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. சட்டம் வரும், போகும். ஆனால் சனிக்கிழமை மாலை ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டிருக்கிறது.

குடிப் பழக்கம் ஒரு நோய் என்று இன்றைய மருத்துவம் சொல்லுகிறது. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைகால் நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். மாட் டால்பட்டுக்குக் கிடைக்காத மருத்துவ உதவி இன்று கிடைக்கிறது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே நடக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சபதம் செய்கிறவர் டாக்டரையும் பார்ப்பது அவசியம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதி அல்ல.

மருந்து உடம்பின் நடுக்கத்தைத் தீர்க்கும். அதற்குப் பிறகு வரும் மாலைகளை என்ன செய்வது? அந்த இடத்தில்தான் மாட் டால்பட்டின் வாழ்க்கை வழிகாட்டுகிறது. அவருக்கு அது மாதா கோயிலாக இருந்தது. கொட்டாம்பட்டிக் கொத்தனாருக்கு அது அவர் கும்பிடும் கோயிலாகவோ, பள்ளிவாசலாகவோ, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வீட்டுத் திண்ணையாகவோ இருக்கலாம். மதுக்கடை அழைக்கும் நேரத்தில் போவதற்கு ஓர் இடமும், அங்கே நம்மை எதிர்பார்க்க ஒருவரும் வேண்டும்.

மூன்று மாதத்தில் குடிக்கத்தான் போகிறேன் என்று அலுத்துக்கொண்டவர், 41 ஆண்டுகள் குடிக்கவில்லை. அவரும் ஆயுள் முழுவதையும் ஒரே நாளில் வென்றுவிடவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை, தெருமுனையிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். அவ்வளவுதான். வாசலில் காத்திருந்த தாய்க்கு அன்று அது போதுமானதாக இருந்தது.